செவலைக்கு வாங்கிய மூன்று பைகளின் பின்பக்கம்

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையின் லேபில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். லாரியில் வந்து இறங்கும் மக்காச்சோள மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்து ஈரம் பார்ப்பது, சோயாப் புண்ணாக்கில் புரதம் பார்ப்பது, கருவாட்டுத் தூளில் மணல் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்ப்பது, இதுதான் தினசரி வேலை. முட்டைக்கோழி தின்பதை இத்தனை வருஷம் கிராம் கணக்கில் பார்த்தவள், என் வீட்டு நாய் தின்னும் பையின் பின்பக்கத்தை முதன்முதலாகத் திருப்பிப் படித்தது போன ஆடியில்தான்.

செவலை நாட்டு நாய். காலையும் மூஞ்சியையும் பார்ப்பவர்கள் சிப்பிப்பாறை ரத்தம் கொஞ்சம் இருக்கும் என்பார்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் லாரி பாடி கட்டும் பட்டறையில் பிறந்தவள். ஆறு வயது, 18 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. முதல் நாலரை வருஷம் சோறும் கோழிக்கடையில் வாங்கும் ஈரல், கழுத்து, காலும்தான் சாப்பாடு. மாமியார் காலமான பிறகு பகலில் வேகவைத்துப் போட வீட்டில் ஆளில்லை. அப்போதிருந்து பைத் தீனி.

ஆடி மாதம் காதையும் வால் அடியையும் ரத்தம் வரும் வரை சொறிந்தாள். கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். "கோழி அலர்ஜிங்க அக்கா. தானியம் இல்லாத பையா மாத்திப் பாருங்க" என்றார். மாற்றுவதற்கு முன் எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்று தெரிய வேண்டாமா? ஒரே நாளில் 3 கிலோ பை மூன்று வாங்கினேன். ஒன்று 540 ரூபாய், ஒன்று 870, மூன்றாவது 2,250. கம்பெனிப் பெயர்களை எழுதப் போவதில்லை. கலவை மாறிக்கொண்டே இருக்கும், பெயர் மட்டும் அப்படியே இருக்கும். உங்கள் கையில் இருக்கும் பையை நீங்களே படிக்க இது உதவினால் போதும்.

சொறியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவர் வால் அடியில் சன்னமான சீப்பை வைத்து வாரினார். மிளகுத்தூள் போல ஏதோ உதிர்ந்தது. அதை ஈரப் பஞ்சில் வைத்தால் செம்பழுப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதற்குள் இருப்பது நாயின் ரத்தம். மருந்து விட்டு, படுக்கும் சாக்கை மாற்றி, மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. உணவு ஒவ்வாமை நாய்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவற்றுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பையை மட்டும் மாற்றினால் போதாது. அதுவரை தின்னாத ஒரே இறைச்சி, ஒரே மாவுச்சத்து என்று எட்டு வாரமாவது வேறு எதுவும் வாயில் படாமல் கொடுத்து, சரியானால் பழையதைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிஸ்கட்டுகூட ஆகாது. கடையில் நின்று சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

இனி பைகளுக்கு வருகிறேன்.

540 ரூபாய்ப் பையில் சேர்மானப் பட்டியல் இப்படித் தொடங்குகிறது: தானியங்களும் தானியத் துணைப்பொருட்களும், இறைச்சியும் இறைச்சித் துணைப்பொருட்களும், புண்ணாக்கு வகைகள், கொழுப்பும் எண்ணெயும். படித்ததும் எனக்கு என் ஆலையின் ஃபார்முலா அறைதான் நினைவுக்கு வந்தது. அங்கே கம்ப்யூட்டரில் அன்றைய சந்தை விலைகளைப் போடுவார்கள். கோழிக்கு வேண்டிய புரதமும் எரிசக்தியும் குறையாமல், எந்தக் கலவை அன்றைக்கு மலிவு என்று அது சொல்லும். மக்காச்சோளம் விலை ஏறினால் அரிசிக் குருணை உள்ளே வரும். சோயா ஏறினால் வேறொரு புண்ணாக்கு வரும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, தீவனத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. 'தானியங்கள்' என்று வகைப்பெயர் போட்டுவிட்டால், போன மாதம் சோளமும் இந்த மாதம் கோதுமைத் தவிடும் போகலாம், பையில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 'இறைச்சி' என்றால் எந்தப் பிராணி என்றும் சொல்ல வேண்டியதில்லை. முன்பு இந்த வகைப் பையை வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பைக்குக் கெட்டியாகப் போகும் செவலை அடுத்த பைக்கு இளக்கமாகப் போவாள். ஏன் என்று அப்போது புரியவில்லை. கலவை மாறியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லப் பட்டியலில் வழியில்லை, என் குறையும் அதுதான்.

துணைப்பொருள் என்ற சொல்லைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஈரல், இதயம், நுரையீரல், மண்ணீரல், இரைப்பை, கழுத்து, கால், இவைதான் துணைப்பொருட்கள். கறிக்கடையில் நாம் வாங்காமல் விடுகிற பாகங்கள். நாம் வாங்கவும் செய்கிறோம், எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஈரலும் மண்ணீரலும் காலை எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். வைட்டமின் ஏ, இரும்பு, செம்பு என்று பார்த்தால் வெறும் நெஞ்சுக்கறியைவிட ஈரலில் எவ்வளவோ அதிகம். 'கோழித் துணைப்பொருள்' என்று பிராணியின் பெயரோடு இருந்தால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பெயரில்லாத 'இறைச்சித் துணைப்பொருள்'தான் உறுத்துகிறது. எந்தப் பிராணி, எலும்பு எவ்வளவு என்று தெரியாது. எலும்பு அதிகமானால் சாம்பல் சதவீதம் ஏறும். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலைக் கொட்டினார்கள் என்று அர்த்தமில்லை. மாதிரியை உலையில் வைத்து முழுக்க எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள், அவ்வளவுதான். உலர் தீனியில் 7, 8 சதவீதம் சாதாரணம். இந்தப் பையில் அந்த எண்ணே இல்லை.

உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சளாக மூன்று நிறத் துண்டுகள். நாயின் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் இரண்டு வகைதான். நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆக அந்தச் சாயம் செவலைக்காகப் போட்டதில்லை, பை வாங்கும் எனக்காகப் போட்டது.

புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12 என்று அச்சடித்திருக்கிறது. மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலான பைகளில் இருக்காது, நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். இந்த நான்கையும் கூட்டினால் 47. சாம்பலுக்கு 8 வைத்துக்கொண்டால் 55. நூறிலிருந்து கழித்தால் 45. கிட்டத்தட்டப் பாதிப் பை மாவு. கேட்க பயமாக இருந்தாலும், சோறு தின்று வளர்ந்த நாய்க்கு அது விஷமில்லை. இதை மூன்றாவது பையில் சொல்கிறேன்.

870 ரூபாய்ப் பைதான் எனக்கு அதிக வேலை வைத்தது. பட்டியலில் முதல் பெயர் கோழி. அடுத்து மக்காச்சோளம், கோழி மீல், அரிசி, சோயாப் புண்ணாக்கு, மக்காச்சோள குளூட்டன், கோழிக் கொழுப்பு, பீட் சக்கை. எல்லாம் பெயரோடு இருக்கின்றன. பார்த்ததுமே மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் அந்த முதல் பெயரில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

சேர்மானங்களை எடை வரிசையில்தான் எழுதுவார்கள். அந்த எடை, கலவையில் போடும்போது உள்ள எடை. பச்சைக் கோழி என்றால் தண்ணீரோடு சேர்த்த எடை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், கடையில் வாங்கிய நெஞ்சுக்கறியை 100 கிராம் நறுக்கி எங்கள் லேப் ஓவனில் 105 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலை எடை போட்டால் 26 கிராம். கோழி என்று முதலில் எழுதியிருப்பது, மிட்டாய் மாதிரி உலர்ந்த துண்டுக்குள் வந்து சேரும்போது கால்வாசிதான். மக்காச்சோளம் ஏற்கெனவே காய்ந்த பொருள், நூறுக்கு எண்பத்தெட்டாவது நிற்கும். தண்ணீரைக் கழித்துவிட்டு வரிசையைத் திரும்ப எழுதினால் மக்காச்சோளம் முதலிலும் கோழி நான்காவது ஐந்தாவது இடத்திலும் போய் உட்காரும்.

அதனால் நான் தேடுவது கோழி மீலைத்தான். பெயர் அழகாக இல்லை, படத்தில் போட முடியாது. ஆனால் சரக்கு அதுதான். கறியையும் எலும்பையும் சேர்த்து வேகவைத்து, கொழுப்பைப் பிழிந்தெடுத்து, தண்ணீரை ஓட்டி, அரைத்த தூள். புரதம் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஈரம் பத்துக்குக் கீழே. கலவையில் 20 கிலோ போட்டால் பையிலும் ஏறத்தாழ 20 கிலோவாகவே நிற்கும். மூன்றாவது இடத்தில் கோழி மீல் இருப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பை மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. முதல் இடத்துக் கோழியைப் பார்த்து வரவில்லை.

மக்காச்சோளத்தையும் மக்காச்சோள குளூட்டனையும் தனித்தனியாக எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஒரே பொருளை இரண்டு மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். குளூட்டன் மோசமான பொருளில்லை. மாவை எடுத்தபின் மிஞ்சும் புரதம் அது, 60 சதவீதம் வரை இருக்கும், நாய்க்கு நன்றாகவே செரிக்கும். லைசின் என்ற அமினோ அமிலம் மட்டும் குறைவு. முன்பக்கத்தில் 'புரதம் 24' என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணில் கோழியின் பங்கும் சோயாவின் பங்கும் குளூட்டனின் பங்கும் கலந்தே நிற்கின்றன. எது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது.

புரத எண் வரும் விதத்தை நான் தினமும் பார்க்கிறேன். கெல்டால் முறையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறோம், அவ்வளவுதான். நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் புரதமாகவே கணக்கில் ஏறும். கருவாட்டுத் தூளில் யூரியா கலந்து புரதத்தை ஏற்றிக் காட்டும் வேலை எங்கள் தொழிலில் பழையது. அதனால்தான் யூரியா சோதனை தனியாக வைத்திருக்கிறோம். 2007-இல் வட அமெரிக்காவில் நாய், பூனைத் தீனிகளைக் கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்களே, அதுவும் இதே வித்தைதான். சீனாவிலிருந்து வந்த கோதுமைக் குளூட்டனில் மெலமைன் கலந்திருந்தார்கள். மெலமைனில் எடைக்கு எடை மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். காகிதத்தில் புரதம் ஏறியது. உடம்புக்குள் மெலமைனும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்தது. எத்தனையோ வீடுகளில் நாயும் பூனையும் செத்துப் போயின. அந்தச் செய்தி வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. சேர்ந்த பிறகு பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் கதை அதுதான்.

பீட் சக்கையை நிரப்புப் பொருள் என்று திட்டுகிறவர்கள் உண்டு. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சக்கை என்று ஒருவர் சொன்னார், அது இல்லை. பீட்ரூட்டின் இனமான வெள்ளைக் கிழங்கு அது. அதன் நார் குடலில் மிதமாகப் புளித்து, பெருங்குடலின் சுவருக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைக் கொடுக்கிறது, மலத்தையும் கட்டுகிறது. அளவாக இருந்தால் நல்ல பொருள். இந்தப் பைக்கு மாறிய பிறகு செவலை ஒரே மாதிரி போகிறாள்.

அடுத்து, பட்டியலின் கடைசியில் வரும் கெமிக்கல் பெயர்கள். டைகால்சியம் பாஸ்பேட், கால்சியம் கார்பனேட், கோலின் குளோரைடு, டிஎல் மெத்தியோனின், ஜிங்க் சல்பேட், சோடியம் செலினைட். பக்கத்து வீட்டு அண்ணன் இதைப் படித்துவிட்டு, "வாயில நுழையாத பேரெல்லாம் நாய் வயித்துக்குள்ள போகுதேம்மா" என்றார். எனக்கு இவை எல்லாம் குடோனில் அடுக்கியிருக்கும் பழகின மூட்டைகள். டிசிபி என்று கேட்டால் எங்கள் லோடுமேன்கூட எடுத்துக் கொடுப்பார். சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், ஒரு பி வகைச் சத்து, ஒரு அமினோ அமிலம், துத்தநாகம், செலினியம், இவ்வளவுதான் விஷயம். இவை இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அந்த அண்ணன் வீட்டிலேயே ஒரு லேப்ரடார் குட்டி வளர்ந்தது. கெமிக்கல் வேண்டாம் என்று எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் போட்டார்கள், அதுவும் வஞ்சகமில்லாமல் நிறைய. ஐந்தாவது மாதம் முன்னங்கால் வளைந்து, எழுந்திருக்கும்போது கத்த ஆரம்பித்தது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை கால்சியம் வேண்டும். கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். மருத்துவர் உணவை மாற்றிக் கொடுத்து, குட்டி மெல்லத் தேறியது. பாசத்தில் போட்ட சாப்பாடு அது. அதனால்தான் இந்த வரிகளைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கொழுப்பு காறாமல் இருக்கப் போடும் பொருட்களில் மட்டும் நானே தேர்வு பார்ப்பேன். 870 ரூபாய்ப் பையில் டோகோபெரால், அதாவது வைட்டமின் ஈ வகை, கூடவே ரோஸ்மேரிச் சாறு. 540 ரூபாய்ப் பையில் பிஹெச்ஏ. அனுமதித்த அளவுக்குள் பிஹெச்ஏ இருந்தால் நான் பதறமாட்டேன். எத்தாக்ஸிக்வின் என்று இருந்தால் எடுக்கமாட்டேன். அமெரிக்காவில் 1997-இலேயே நாய்த் தீனியில் அதன் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தீவனத்தில் அதன் அனுமதியையே நிறுத்தி வைத்தது. கப்பலில் வரும் மீன் தூளில் தீப்பிடிக்காமல் இருக்க இதைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது, எங்கள் வேலையில் அந்த மூட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

2,250 ரூபாய்ப் பை. தானியம் இல்லை என்று கொட்டை எழுத்தில் முன்னால் இருக்கிறது. வெளிநாட்டில் செய்தது. கோழி, கோழி மீல், பட்டாணி, மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார், மீன் எண்ணெய். சாம்பல், ஒமேகா 3, கால்சியம், பாஸ்பரஸ், கலோரி எல்லாம் எண்ணோடு எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு முழு மதிப்பெண். கீழே படித்தால் பட்டாணி மூன்று பெயரில் வருகிறது. மூன்றையும் சேர்த்தால் எங்கே நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாய்க்குத் தானியம் ஆகாது என்ற பேச்சை நான் நம்பவில்லை. 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஸ்வீடன் ஆராய்ச்சி ஒன்று ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மாவை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான ஏஎம்ஒய்2பி மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான், நாய்களிடம் பல பிரதிகள். மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கியபின் அவன் போட்ட சோற்றைத் தின்று மாறிய உடம்பு. நம் பக்கத்துச் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் தின்றுதான் வளர்ந்தன. தவிர, உலர் தீனி செய்யவே மாவு வேண்டும். கலவையை நீராவியில் வேகவைத்து, முறுக்கு அச்சில் பிழிவது போல எக்ஸ்ட்ரூடரில் அழுத்தித் தள்ளும்போது, மாவு வெந்து பொரி போல உப்பி நிற்பதால்தான் அது துண்டாக வருகிறது. அரிசியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பட்டாணியோ கிழங்கோ வந்தே ஆக வேண்டும். தானியம் போனதே தவிர மாவு போகவில்லை. இந்தப் பையையும் கழித்துப் பார்த்தேன், மாவுச்சத்து 34 வந்தது.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு அதிகமுள்ள தீனி தின்ற நாய்களில் இதயம் விரிந்து பலவீனமாகும் நோய் பதிவாகிறது என்று விசாரணை தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிரூபிக்கப் போதுமான தரவு இல்லை என்று 2022 கடைசியில் சொன்னார்கள். நிரூபணம் இல்லாததால் நான் யாரையும் பயமுறுத்தமாட்டேன். கோதுமை ஒவ்வாமை உறுதியான நாய் இருந்தால் வாங்குங்கள். செவலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. பத்து நாள் கொடுத்ததில் வயிற்றில் காற்று அதிகமானது, ராத்திரி கட்டிலுக்கடியில் படுக்கவிட முடியவில்லை. ஆசையாகத் தின்றாள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆசையாகத் தின்பதை வைத்து எந்தப் பையையும் எடை போடாதீர்கள். உலர்ந்த துண்டுகளின் மேல் கடைசியில் கொழுப்பையும், ஈரலை நொதி வைத்துக் கரைத்த சாற்றையும் தெளிப்பார்கள். வாசம் மேல்தோலில் இருக்கிறது. பையின் அடியில் தங்கும் தூளை முகர்ந்து பாருங்கள், துண்டைவிட மூன்று மடங்கு அடிக்கும். பெயர்களிலும் இப்படி ஒன்று உண்டு. அமெரிக்க விதிப்படி 'கோழியுடன்' என்று போட 3 சதவீதம் கோழி போதும், 'கோழிச் சுவை' என்று போட நாய்க்கு அந்தச் சுவை தெரிந்தால் போதும். இறக்குமதிப் பை வாங்குகிறவர்கள் அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். கல்லாவில் தொங்கும் கிரேவி பாக்கெட்டில் புரதம் 8 என்று பார்த்து ஏமாறவும் வேண்டாம். அதில் 80 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் புரதம் 40 ஆகிறது. 24 போட்ட உலர் பை 10 சதவீத ஈரத்தைக் கழித்தால் 27-ஐத் தாண்டாது.

இவ்வளவு படித்த பிறகும், என்னைத் தூங்கவிடாத பொருள் எந்தப் பட்டியலிலும் அச்சாகவில்லை. அஃப்ளடாக்சின். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் பூஞ்சை விடும் நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் துருவித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நாயின் ஈரலுக்கும் இது ஆகாது. 2020 கடைசியில் அமெரிக்காவில் ஒரு ஆலையின் தீனியால் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாகக் கணக்கு வந்தது. அங்கே நாய்த் தீனிக்கு நூறு கோடியில் 20 பங்குதான் எல்லை. எக்ஸ்ட்ரூடர் சூட்டில் பூஞ்சை சாகும், அது விட்டுப்போன நஞ்சு முழுக்கப் போகாது. நல்ல ஆலை சோள லாரியை வாசலிலேயே சோதித்துத் திருப்பி அனுப்பிவிடும். நானே எத்தனையோ லாரியைத் திருப்பியிருக்கிறேன், டிரைவர்கள் திட்டத் திட்ட.

அதனால்தான் லூஸ் தீனி வாங்குவதை நிறுத்தினேன். பைத் தீனிக்கு மாறிய புதிதில் வேறொரு கடையில் கிலோ கணக்கில் அள்ளிக் கொடுப்பதை வாங்கியிருக்கிறேன். வாய் திறந்த மூட்டை, மழைக்காலம், பக்கத்திலேயே மீன் தொட்டிகள். வீட்டில் கொட்டியபோது காறிப்போன கடலை வாடை அடித்தது. செவலை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனாள். மிஞ்சியதை லேபில் ஈரம் பார்த்தேன், 15 தாண்டியது. பூஞ்சைக்கு அது போதும். அப்படியே குப்பையில் போட்டேன். லூஸில் பேட்ச் எண் கிடையாது, தேதி கிடையாது, நாளைக்கு ஏதாவது நடந்தால் கேட்க ஆள் கிடையாது.

இப்போது வாங்கும் கடை எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடை. தம்பி மூட்டையைப் பிரித்து விற்பதில்லை. பைகள் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. பழைய தேதிப் பையை முன்னால் இழுத்து வைத்திருப்பார், நான் பின்னாலிருந்து புதுசைக் கேட்டால் முகம் கோணாமல் எடுத்துத் தருவார். அலர்ஜி என்று அவசரப்பட்டுச் சொன்னதை நான் திரும்பப் போய் விளக்கியபோது, "இனிமே முதல்ல தெள்ளு பார்த்தீங்களான்னு கேக்கறேங்க அக்கா" என்றார். அந்தக் கடைக்கு என் சிபாரிசு உண்டு.

மூன்று கம்பெனிக்கும் மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்பினேன். இறைச்சி எந்தப் பிராணியுடையது, சாம்பல் எவ்வளவு, ஒவ்வொரு பேட்சுக்கும் அஃப்ளடாக்சின் சோதனை உண்டா. 870 ரூபாய்ப் பைக்காரர்கள் நான்காம் நாள் பதில் போட்டார்கள். கோழி மட்டும், சாம்பல் 8.2, உள்ளே வரும் சோளத்துக்கும் முடிந்த தீனிக்கும் சோதனை உண்டு, என் பையின் பேட்ச் எண்ணுக்கான முடிவு இணைப்பில். விலை கூடிய பையிலிருந்து வண்ணப் படங்களோடு ஒரு பிரசுரம் வந்தது, சோதனை பற்றி ஒரு வரி இல்லை. மலிவுப் பையிலிருந்து இன்று வரை பதில் இல்லை.

ஆக நாங்கள் 870-இல் நிற்கிறோம். செவலைக்கு நாளுக்கு 240 கிராம், இரண்டு வேளையாக. எழுபது ரூபாய்க்குள் முடிகிறது. மலிவுப் பையில் எடை நிற்க 280 கிராம் வேண்டியிருந்தது, அதுவே ஐம்பது ரூபாய் ஆனது. விலை கூடியதில் 220 கிராமுக்கு 165 ரூபாய். ஐம்பது ரூபாய்தான் முடியும் என்ற வீட்டில் அந்த முதல் பையையே கொடுங்கள், முழுமையான சரிவிகித உணவு என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் அவித்த முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு ஈரல் சேர்க்கிறேன், அந்த நாள் தீனியில் ஒரு கைப்பிடி குறைத்துவிடுவேன். வெங்காயம், பூண்டு விழுந்த குழம்புச் சோறு மாமியார் காலத்தோடு நின்றுவிட்டது, அவை நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

தீனியை டப்பாவில் கொட்டுவதில்லை. பையோடு டப்பாவுக்குள் இறக்கி, வாயைச் சுருட்டிக் கிளிப் போடுகிறேன். 3 கிலோ பை பன்னிரண்டு நாள் வரும், அதற்குள் காறாது. பேட்ச் எண்ணைக் காலண்டரில் எழுதி வைக்கிறேன். அடுத்த பை வரும் வியாழக்கிழமை வாங்க வேண்டும். பின்பக்கம் ஏதாவது மாறியிருந்தால் எழுதுகிறேன்.